லண்டன் கச்சேரியும் ஊட்டி இரைச்சலும்

1877-ல் வைஸ்ராய் லிட்டன் பிரபு ஊட்டிக்கு வந்தபோது மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ரோடெல்லாம் சேறு. நம்மூர்ப் பெரிய மனுஷராக இருந்தால் முனிசிபாலிட்டியைத் திட்டி நாலு வரி எழுதிப்போட்டிருப்பார். லிட்டன் பிரபு சேற்றைப் பார்த்துச் சொக்கிப்போய்விட்டார். மழையும் இங்கிலாந்து மழை, சேறும் அசல் இங்கிலாந்துச் சேறு என்று பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதினார்.

சேற்றுக்கே இந்த மரியாதை என்றால் மற்றதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? கலெக்டர் ஜான் சல்லிவன் ஸ்டோன் ஹவுஸ் என்ற பங்களாவைக் கட்டிய நாளிலிருந்து துரைமார்கள் ஊட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். சொந்த ஊரைத் துண்டு துண்டாகப் பெயர்த்துக்கொண்டு வந்து மலைமேல் ஒட்டவைப்பது. கிளப் வந்தது. அந்தக் கிளப்பில் 1882 வாக்கில் ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு விதிகள் எழுதப்பட்டன. வேட்டை நாய்கள் கப்பலேறி வந்தன. அவை துரத்துவதற்கு அந்த ஊர் நரிதான் இங்கே இல்லை. அதனாலென்ன, நம்மூர்க் குள்ளநரி 'ஆக்டிங் நரி'யாக நியமனம் ஆயிற்று. சம்பளம் கிடையாது, ஓட்டம் மட்டும் உண்டு.

எல்லாம் வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. சத்தம். லண்டன் மண்டபத்தில் எழுபது எண்பது பேர் சேர்ந்து வாசிக்கிற ஆர்க்கெஸ்ட்ராவை மேட்டுப்பாளையத்தில் ரயிலேற்றி, பல்சக்கரத்தில் குன்னூர் வழியாகக் கொண்டுவர முடியுமா? வந்தாலும் ஊட்டி ஈரத்தில் பியானோ இரண்டே வாரத்தில் அபஸ்வரம் பேசும். நாடகத்துக்கு அசெம்பிளி ரூம்ஸ் இருந்தது. இன்று அது சினிமாக் கொட்டகை. அங்கே உத்தியோகஸ்தர் கதாநாயகன், அவருக்கு மேலதிகாரியின் மனைவி கதாநாயகி என்று வேஷம் கட்டினால், கைதட்டாமல் இருக்க யாருக்குத் தைரியம் வரும்?

இந்தக் குறையைத் தீர்க்க வந்த அவதாரம்தான் ரேடியோ.

கவர்னரின் நேயர் விருப்பம்

1921 ஆகஸ்டில் டைம்ஸ் ஆஃப் இந்தியா பத்திரிகையும் தபால் தந்தி இலாகாவும் சேர்ந்து, பம்பாயில் பத்திரிகை ஆபீஸிலிருந்து ஒரு சங்கீத நிகழ்ச்சியைக் கம்பியில்லாமல் அனுப்பின. பாட்டு வேண்டும் என்று கேட்டவர் கவர்னர் சர் ஜார்ஜ் லாயிட். அதை உட்கார்ந்து கேட்டவரும் அவரேதான், புனாவில். இந்த தேசத்து நேயர் விருப்பத்தின் பூர்வோத்தரம் இதுதான் என்றால் மறுக்க ஆளில்லை. விரும்பிக் கேட்டவர் ஒரே ஒருவர், அவரும் லாட் சாகிப்.

லண்டனில் பி.பி.சி. 1922-ல் பிறந்தது. அடுத்த பிப்ரவரியிலேயே ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீஸரிலிருந்து ஒரு காட்சியை மைக் முன்னால் நடித்தார்கள். யார் யாரை முறைக்கிறார் என்று கண்ணுக்குத் தெரியாத நாடகம் அது. நாடகக்காரர்களுக்கு அப்போதுதான் புத்தி வந்தது. பார்க்க முடியாத நாடகத்துக்குப் பார்க்க முடியாத கதைதான் வேண்டும். 1924 ஜனவரி 15 அன்று, ரிச்சர்ட் ஹ்யூஸ் ரேடியோவுக்கென்றே எழுதிய நாடகம் ஒலிபரப்பானது. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விளக்கு அணைந்துவிடுகிறது, மூன்று பேர் இருட்டில் மாட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் கதை. கேட்பவர்களும் வீட்டு விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள் என்று சொன்னார்கள். லண்டன்காரன் எழுந்துபோய் சுவிட்சை அணைத்தான். நம்மூராக இருந்தால் அந்தச் சிரமத்தைக் கரண்ட் ஆபீஸே பார்த்துக்கொண்டிருக்கும்.

சென்னையில் நாற்பது வாட்ஸ்

அதே 1924-ல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. மே 16 அன்று சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கப்பட்டது. புரவலர் யாரென்றால் கவர்னர் கோஷன் பிரபு. மே மாதம் என்பதைக் கவனிக்கவும். அந்தக் காலத்தில் சென்னை கொதிக்கிற மாதங்களில் மாகாண சர்க்கார் ஃபைலும் பியூனுமாக ஊட்டிக்கு ஏறிவிடுவது வழக்கம். சங்கம் சமுத்திரக் கரையில் வியர்க்கும், சர்க்கார் மலையில் குளிர்காயும்.

ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பம். டிரான்ஸ்மிட்டரின் பலம் நாற்பது வாட்ஸ். மாட்டுக்கொட்டகையில் எரிகிற பல்பு ஒன்றின் பலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பல்பு சென்னையிலிருந்து நானூறு கிலோமீட்டர் தாண்டி, எட்டாயிரம் சொச்சம் அடி ஏறித் தொட்டபெட்டாவுக்குச் சங்கீதம் கொண்டுபோக வேண்டுமானால் வழியில் மேட்டுப்பாளையத்தில் காபி சாப்பிட்டுப் போக வேண்டியிருக்கும். பிறகு இருநூறு வாட்ஸ் ஆனது. ஆசை பெருகியது, காசு பெருகவில்லை. 1927 அக்டோபரில் கிளப் கடையைக் கட்டியது. சாமான்களைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள்.

மாநகராட்சி அவற்றைத் தூசி தட்டி 1930 ஏப்ரல் 1 அன்று ரிப்பன் மாளிகையிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கியது. தேதியை யாரும் கேலி செய்ததாகத் தெரியவில்லை. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். சாயந்திரமானால் கர்நாடக சங்கீதம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கதையும் பாட்டு வகுப்பும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் ஐரோப்பிய சங்கீதம். ஆண்டுகொண்டிருந்தவனுக்கு மாதம் ஒரு மணி நேரம், கடலை கொறித்துக்கொண்டிருந்தவனுக்கு மீதி நாளெல்லாம். சென்னையில் சுயராஜ்யம் முதலில் வந்தது ஒலிபெருக்கியில்தான்.

கொழும்பு கதை இன்னும் தமாஷ். அங்கே தந்தி இலாகா இன்ஜினீயர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923-லேயே சோதனையை ஆரம்பித்துவிட்டார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோவைப் பிரித்து, அதன் உறுப்புகளை வைத்து டிரான்ஸ்மிட்டர் செய்தார்கள். தந்தி ஆபீஸிலிருந்து கிராமபோன் இசைத்தட்டுகளைப் போட்டார்கள். 1925 டிசம்பரில் கொழும்பு ரேடியோ முறைப்படி திறக்கப்பட்டது. கப்பலை மூழ்கடிக்க ஜெர்மன்காரன் செய்த யந்திரத்தில் இங்கிலீஷ்காரன் பாட்டுப் போட்டான்.

துரை வீட்டுக் கிறிஸ்துமஸ்

இப்போது குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வருவோம். கற்பனைத் தோட்டம், கற்பனைத் துரை. பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் எங்காவது இருப்பார்கள்.

1932 டிசம்பர் 19 அன்று லண்டனிலிருந்து சாம்ராஜ்யம் முழுவதற்குமாக பி.பி.சி. சிற்றலையில் புதுச் சேவை தொடங்கியது. டாவென்ட்ரி என்ற ஊரிலிருந்து அலை கிளம்பும். அதை நம்பித்தான் நம் துரை வருஷத்துக்குப் பத்து ரூபாய் லைசென்ஸ் கட்டி, ரேடியோப் பெட்டி வாங்கி, இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஏரியல் கம்பி இழுத்து, பேட்டரியோடு காத்திருக்கிறார்.

திறப்பு நாளில் பி.பி.சி. தலைவர் சர் ஜான் ரீத் பேசினார். புதுக்கடை திறப்பவர் என்ன சொல்வார்? சரக்கு பிரமாதம், வந்து பாருங்கள் என்பார். ரீத், ஆரம்பத்தில் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள், நிகழ்ச்சிகள் அவ்வளவு சுவாரசியமாகவும் இருக்காது, அவ்வளவு நன்றாகவும் இருக்காது என்று சொல்லிவிட்டார். ஒலிபரப்பின் சரித்திரத்தில் இவ்வளவு யோக்கியமான விளம்பரம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காரணம் இருந்தது. சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யத்துக்கு நிகழ்ச்சி தயாரிக்க வாரத்துக்குப் பத்து பவுன்தான் ஒதுக்கியிருந்தார்கள். ஆகவே ஒரு தடவை வாசித்ததை எஃகு நாடாவில் பதிந்துகொண்டு, ஆஸ்திரேலியாவுக்கு ஒரு தரம், இந்தியாவுக்கு ஒரு தரம், கனடாவுக்கு ஒரு தரம் என்று சூடு பண்ணிப் பரிமாறினார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே பேசினார். எழுதிக் கொடுத்தவர் ருட்யார்ட் கிப்ளிங். ராஜா கையில் காகிதம் சலசலப்பது மைக்கில் கேட்டுவிடக் கூடாதென்று மேஜைமேல் கனத்த துணி விரித்திருந்தார்கள். லண்டனில் மத்தியானம் மூன்று மணி. குன்னூரில் இரவு எட்டரை. துரை கோட்டுப் போட்டு நிற்கிறார். துரைசானி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பட்லர் கையில் தட்டோடு மூலையில்.

ராஜா வருகிறார். கூடவே "உஸ்ஸ்ஸ்..." என்று இன்னொன்றும் வருகிறது. ராஜா பாதி, "உஸ்ஸ்" பாதி. பிறகு "உஸ்ஸ்" முக்கால். துரை குமிழைத் திருகுகிறார். எங்கோ தூரத்து இடி "கடகட" என்று பெட்டிக்குள் உருளுகிறது.

"என்னா அது சத்தம்?" என்கிறார் துரை, தோட்டத்துத் தமிழில்.

"மழைங்க தொரை. சீமையில மழை பெய்யுது போலிருக்குதுங்க" என்கிறார் பட்லர். இங்கிலாந்து மழையையும் சேற்றையும் ஊட்டியிலேயே அனுபவித்த பரம்பரைக்கு இதைவிட நல்ல பதில் யார் சொல்ல முடியும்?

அன்றிலிருந்து தினமும் இதே ரகளை. ஆர்க்கெஸ்ட்ராவில் நாற்பது வயலின் வாசித்தால் நாலு கேட்கும். நாடகத்தில் கதாநாயகி செத்தாளா பிழைத்தாளா என்பது மறுநாள் கிளப்பில் விவாதிக்க வேண்டிய விஷயம். காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் முக்கால் வாசி வந்தது சனியன் பிடித்த இரைச்சல் என்று துரை பல்லைக் கடித்தார்.

சனியன் எங்கிருந்து வந்தது?

துரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் அமெரிக்காவில் ஒருவர் அந்த இரைச்சலைக் கேட்பதற்கே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். பெல் ஆய்வுக்கூடத்து கார்ல் ஜான்ஸ்கி. கடல்தாண்டிய ரேடியோ டெலிபோனைக் கெடுக்கிற இரைச்சல் எது என்று கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். நியூஜெர்சியில் ஒரு மைதானத்தில் ஃபோர்டு கார் சக்கரங்களின்மேல் பெரிய ஏரியலை வைத்துச் சுற்றவிட்டார். இரைச்சலை மூன்று ரகமாகப் பிரித்தார். பக்கத்து இடி, தூரத்து இடி, மூன்றாவது எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத, ஓயாத "உஸ்ஸ்".

அந்த மூன்றாவது ஆசாமி 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒரு தரம் உச்சத்துக்கு வந்தது. சூரியனுக்கு நாள் 24 மணி. நட்சத்திரங்களுக்குத்தான் நாலு நிமிஷம் குறைச்சல். ஆகவே சத்தம் பூமியிலிருந்து வரவில்லை, பால்வீதியிலிருந்து வருகிறது என்று 1933-ல் ஜான்ஸ்கி அறிவித்தார். அந்த மே மாதம் என்.பி.சி. வானொலி அந்த "உஸ்"ஸைச் சில விநாடிகள் நேரடியாக ஒலிபரப்பவும் செய்தது. பால்வீதியின் அரங்கேற்றம். பக்கவாத்தியம் கிடையாது, சபா செயலாளர் பேச்சும் கிடையாது.

துரை சபித்த இரைச்சலில் பெரும்பங்கு இடியும் மின்னலும்தான். ஆனால் ஒரு சிட்டிகை நட்சத்திரம் விடாமல் கலந்திருந்தது. லண்டன் வயலினைத் தேடுகிற அவசரத்தில் ஆகாயத்தையே அவர் குமிழ் திருகி ஒதுக்கினார்.

ஹார்மோனியத்துக்கு நாடு கடத்தல்

1936-ல் இந்திய அரசு ஒலிபரப்புக்கு ஆல் இந்தியா ரேடியோ என்று பெயர் வைத்தார்கள். லண்டனிலிருந்து வந்த லயனல் ஃபீல்டன் தலைவர். 1938 ஜூன் 16 அன்று சென்னை நிலையத்தைக் கவர்னர் எர்ஸ்கின் பிரபு திறந்துவைத்தார். அடுத்த வருஷம் மே 16 திருச்சி.

டெல்லி நிலையத்தில் மேல்நாட்டு சங்கீதப் பிரிவுக்கு ஜான் ஃபோல்ட்ஸ் வந்து சேர்ந்தார். லேசுப்பட்டவர் இல்லை. லண்டன் ஆல்பர்ட் ஹாலில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பாடி வாசித்த உலகப்போர் அஞ்சலி இசை அவருடையது. இந்திய வாத்தியக்காரர்களை உட்காரவைத்து, நொட்டேஷன் படிக்கச் சொல்லிக்கொடுத்து, இந்தோ-ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றைக் கட்டினார். பாவம், நல்ல மனுஷர். ஆனால் அவருக்கு ஹார்மோனியத்தைக் கண்டால் ஆகாது. நம் சங்கீதத்தின் கமகமும் நுண்சுருதியும் அந்தப் பெட்டிக் கட்டைக்குள் அடங்காது என்று ரேடியோ பத்திரிகையிலேயே எழுதித் தீர்த்தார். 1939 ஏப்ரலில் கல்கத்தாவில் காலராவில் காலமானார். மறுவருஷம் மார்ச் 1 அன்று ஆல் இந்தியா ரேடியோ ஹார்மோனியத்தைத் தடை செய்தது. தடை ஒருவழியாகத் தளர்ந்தது 1971-ல்.

இதைத் தமிழ் நாடகக் கம்பெனிக்காரனிடம் சொல்லிப் பாருங்கள். மேடையில் ராஜா இல்லாவிட்டால் மந்திரியை வைத்துச் சமாளித்துவிடுவான். ஹார்மோனியக்காரர் வராவிட்டால் திரையே தூக்க மாட்டான். ரேடியோவில் இரைச்சலென்று துரத்தப்பட்ட பெட்டி, கோவில் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் நடத்திக்கொண்டிருந்தது.

யுத்தம் வந்தது. 1941-ல் பி.பி.சி. தமிழிலும் பேச ஆரம்பித்தது. இந்தியாவின் படித்த மக்களுக்கு ஆங்கிலத்தில் இலக்கியமும் நாடகமும் அனுப்பும் வேலை ஒருவர் தலையில் விழுந்தது. ஜார்ஜ் ஆர்வெல். கவிதைப் பத்திரிகையை ஒலியில் நடத்தினார், கதைகளை நாடகமாக்கினார். இந்தியாவில் கேட்பார் யாருமில்லை என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. என் நேரமும் ஜனங்கள் பணமும் வீண் என்று எழுதிக்கொடுத்துவிட்டு 1943-ல் வேலையை விட்டார். போகும் முன் அவர் நாடகமாக்கி அனுப்பியவற்றுள் ஒன்று, ராஜா அம்மணமாக ஊர்வலம் போகிற கதை. சாம்ராஜ்யத்தின் செலவில், சாம்ராஜ்யத்துக்கே.

குமிழ் நம் கையில்

சுதந்திரம் வந்ததும் இரைச்சல் ஒழிந்ததா? ஆளும் குரல் மாறியது, ஆசை மாறவில்லை. 1952-ல் ஒலிபரப்பு மந்திரியாக பி.வி. கேஸ்கர் வந்தார். சினிமாப் பாட்டு அவர் காதுக்கு இரைச்சல். அதைக் குறைத்து, வாத்திய விருந்தா என்று தேசிய ஆர்க்கெஸ்ட்ரா அமைத்தார்கள். ரவிசங்கரும் நம் டி.கே. ஜெயராம ஐயரும் நடத்தினார்கள். வாசிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவன் கேட்டது வேறு. அவன் குமிழைத் திருகி இலங்கைக்குப் போய்விட்டான்.

இலங்கை வானொலிக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? மறுபடியும் யுத்தம். மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமைக்காகக் கொழும்புக்குப் பக்கத்தில் நிறுவிய நூறு கிலோவாட் டிரான்ஸ்மிட்டர். முதல் தடவை நீர்மூழ்கி, இரண்டாம் தடவை படைத்தலைமை. சண்டைக்காகச் செய்தது எல்லாம் கொழும்புக்கு வந்து பாட்டுப் பாடியது.

அந்தப் பாட்டுக்கு நீலகிரியில் தனியாக ஒரு கூட்டம் இருந்தது. 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, தலைமுறை தலைமுறையாக இலங்கை மலையில் கொழுந்து பறித்தவர்களைக் கப்பலேற்றி இங்கே அனுப்பினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு 1968-லிருந்து நீலகிரியில் தேயிலை போட்டது. அதுதான் இன்றைய டான்டீ. அங்கே லயத்திலிருந்து கொழும்பு வானொலியைப் பிடித்தவருக்கும் சில்வர் ஓக்கில் கம்பி இழுத்த துரைக்கும் தேவை ஒன்றுதான்: விட்டுவந்த ஊரின் குரல். துரை கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். இவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது. இந்த ஒரு பத்தியில் மட்டும் கேலிக்கு இடமில்லை.

கடைசியாக முத்தொரைக்கு வாருங்கள், ஊட்டிக்குப் பக்கத்தில்தான். டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்காக விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார். சரிவு வடக்கு தெற்காகச் சுமார் 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் அதே 11. அதனால் அதன்மேல் கிடத்திய யந்திரம் பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்துக்கொண்டு, ஒரே திருப்பில் நட்சத்திரத்தின் பின்னாலேயே போகும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 சட்டங்கள், 1100 எஃகுக் கம்பிகள். 1970-ல் வேலை முடிந்தது. துரை இழுத்த ஏரியலுக்கு இது கொள்ளுப்பேரன். ஆனால் இதில் லண்டன் வராது, கொழும்பு வராது, சென்னையும் வராது. பல்சார்களும் தூரத்துக் காலக்ஸிகளும் சூரியக் காற்றும் போடுகிற "உஸ்ஸ்"தான் வரும். அதில் தப்பித்தவறி மனுஷன் பாடுவதோ பேசுவதோ கலந்துவிட்டால் விஞ்ஞானிகள் அதைத்தான் இரைச்சல் என்பார்கள்.

ஆகவே கணக்கை முடிப்போம். துரை ஒதுக்கிய இரைச்சலுக்கு இன்று ஊட்டியில் அரை கிலோமீட்டர் ஆசனம். ஃபோல்ட்ஸ் ஒதுக்கிய ஹார்மோனியம் திருவிழாவில் இருக்கிறது. கேஸ்கர் ஒதுக்கிய சினிமாப் பாட்டு டீக்கடையை விட்டு நகரவே இல்லை. ஜனங்கள் எதைக் கேட்க வேண்டும் என்று தீர்மானித்தவர்களில் ஒருவர்கூட ஜெயித்ததில்லை. ஆகவே, அடுத்த தடவை வீட்டில் யாராவது "அந்தச் சனியனை நிறுத்து" என்று கத்தினால் உடனே நிறுத்திவிடாதீர்கள். சரித்திரம் உங்கள் பக்கம் இருக்கிறது.